தோட்டத்து மண்ணைப் படித்தவர்கள்



பூகோளம் என்றவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது என்ன? நாடுகளின் தலைநகரங்கள், மலைகளின் உயரங்கள், ஆறுகளின் பெயர்கள். அவற்றை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, பிறகு மறந்து போனோம். எனவேதான் ஒரு பிள்ளை, "அம்மா, நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், "அதைப் படித்து என்ன ஆகப்போகிறது? வைத்தியம் படி, கணக்கியல் படி" என்கிறோம். பெற்றோரின் கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு. அந்தப் பதில் எங்கோ வெளிநாட்டில் இல்லை. நம் காலடியில், நாம் பால் வெட்டிய மண்ணிலேயே இருக்கிறது. புவியியலையும் சுற்றுச்சூழலையும் உயர்கல்வியாகப் படித்தவர்கள் நம் தோட்டங்களைப் பற்றி என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், பள்ளிப் பூகோளத்துக்கும் பல்கலைக்கழகப் புவியியலுக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் "எது எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறோம். பல்கலைக்கழகத்தில் "அது ஏன் அங்கே இருக்கிறது? எப்போது வந்தது? அது வந்ததால் அந்த இடத்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் மனிதருக்கும் என்ன நேர்ந்தது?" என்று கேட்கிறார்கள். பட்டம் பெற்றபின் தொடரும் முதுகலை, முனைவர் படிப்பில், மாணவர் ஒரே ஓர் இடத்தையோ ஒரே ஒரு கேள்வியையோ எடுத்துக்கொண்டு, பழைய நிலவரைபடங்களையும் அரசாங்க ஏடுகளையும் புரட்டி, நேரில் நடந்து அளந்து, மக்களிடம் கேட்டு, விடை எழுதுகிறார். அந்த விடைதான் ஆய்வேடு.

நம் புலாவ் செபாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். "புலாவ்" என்றால் தீவு. சுற்றிலும் கடல் இல்லை; கண்ணுக்கெட்டிய தூரம் மரங்கள்தாம். ஊர் மலாக்கா மாநிலத்தில். அடுத்து ஒட்டிக்கொண்டிருக்கும் தம்பின் பட்டணம் நெகிரி செம்பிலானில். இரயில் நிலையம் இரண்டு பெயர்களையும் தாங்கி நிற்கிறது. எல்லைக்கோடு ஏன் இப்படி ஓடுகிறது? இரயில் பாதை மலாக்கா நகரத்தைத் தொடாமல் ஏன் இவ்வழியே போகிறது? 1905-ஆம் ஆண்டில் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஒரு கிளைப்பாதை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள். சயாம் - பர்மா இரயில் பாதை போடுவதற்காக அவை கொண்டு போகப்பட்டன. அதே பாதை போடுவதற்காகத்தான் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களும் கொண்டு போகப்பட்டார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. பெயர்த்த பாதையும் மீண்டும் போடப்படவில்லை. ஓர் ஊரின் நிலவரைபடத்தில் ஒரு கோடு காணாமற் போனதற்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது. அந்தக் கதையைத் தேடிப் படிப்பதுதான் உயர்நிலைப் புவியியல்.

இந்தப் படிப்பு உலகில் மிகப் பழையது என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் 1899-இல் புவியியலுக்கென்று தனிப் பள்ளி தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகம் 1903-இல் பட்டமேற்படிப்புக்கான புவியியல் துறையை ஏற்படுத்தியது. கிளார்க் பல்கலைக்கழகம் 1921-இல் அதற்கென்றே ஒரு கல்விக்கூடத்தை நிறுவியது. நம் முன்னோர் கப்பலேறிய சென்னையில், 1926-இல் ஒரு புவியியல் சங்கம் தோன்றியது. அதுவே பிற்காலத்தில் இந்தியப் புவியியல் சங்கமாக வளர்ந்தது.

மலாயாவில் இந்தப் பாடத்துக்கு வித்திட்ட இடம் சிங்கப்பூர். அங்கே 1928-இல் ராபிள்ஸ் கல்லூரி திறக்கப்பட்டது. அதுவும் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் ஒன்று சேர்ந்து, 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதன் புவியியல் பேராசிரியராக இருந்தவர் டாபி என்ற ஆங்கிலேயர். அவர் மாணவர்களை வகுப்பறையில் உட்கார வைத்து வெளிநாட்டுப் படங்களை மட்டும் காட்டிக்கொண்டிருக்கவில்லை. மலாயாவின் நெல் வயல்களை வட்டாரம் வட்டாரமாக ஆராய்ந்து எழுத ஏற்பாடு செய்தார். 1953-இல் வெப்பமண்டலப் புவியியலுக்கென்று ஓர் ஆய்விதழும் சிங்கப்பூரில் தொடங்கியது. பெயர் மாறினாலும் அந்த இதழ் இன்றும் வருகிறது. பிறகு கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தின் வளாகம் எழுந்தது. 1962-இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1970-இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமும் தோன்றியது. இப்படி, நம் நாட்டு மண்ணை நம் நாட்டிலேயே ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பு ஏற்பட்டது.

அந்த ஆராய்ச்சிகளில் நம் வாழ்வோடு தொடர்புடைய சிலவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, மலாக்காவின் மண் கதை. ரப்பர் வருவதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்று கேட்டால், பலர் காடு என்பார்கள். அது பாதி உண்மை. ஜேம்ஸ் ஜாக்சன் என்ற புவியியல் அறிஞர், மலாயாவில் சீனர்களும் ஐரோப்பியர்களும் செய்த தோட்டப் பயிர்த்தொழிலை 1786 முதல் 1921 வரை ஆராய்ந்து, 1968-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த நூல் காட்டும் செய்தி இது: பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலாக்காவின் உட்பகுதிகளில் சீன முதலாளிகள் மரவள்ளிக்கிழங்கைப் பெரும் பரப்பில் பயிரிட்டார்கள். காட்டை வெட்டி எரித்து, கிழங்கை நட்டு, ஆலையில் மாவாக்கினார்கள். ஆலை அடுப்புக்கு விறகு வேண்டும். அதற்காக மேலும் காடு வெட்டப்பட்டது. மரவள்ளி மண்ணின் சத்தை உறிஞ்சும் பயிர். சில போகம் எடுத்ததும் விளைச்சல் குறையும். உடனே அந்த நிலத்தை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். விட்டுப்போன நிலத்தில் என்ன முளைக்கும்? நமக்குத் தெரிந்த லாலாங் புல்தான். எரித்தால் மீண்டும் வரும், வெட்டினால் மீண்டும் வரும். இப்படி மலாக்காவில் பெரும் நிலப்பரப்பு புல் மண்டிக் கிடந்தது.

அதன் பிறகுதான் ரப்பர் வந்தது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று காண்பவரிடமெல்லாம் சொல்லி வந்தார். அதைக் கேட்டு நட்டவர் மலாக்காவின் டான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் நட்டார். பிறகு புக்கிட் ஆசாகானில் பெரும் பரப்புக்கு விரிவுபடுத்தினார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் நம் மாநிலத்தில்தான் உண்டாயிற்று. இளமரங்கள் வளரும் வரை நடுவே மரவள்ளி போட்டு வருமானம் தேடியவர்களும் உண்டு. ஆகவே, நம் பாட்டன்மார் வந்து வெட்டிய காடுகள் எல்லாமே கன்னிக்காடுகள் அல்ல. முன்பே ஒரு பயிர் தின்று தீர்த்த நிலங்களும் அவற்றில் இருந்தன. ஒரே தோட்டத்தில் ஒரு நிரை மரங்கள் கொழுத்தும் அடுத்த நிரை மெலிந்தும் இருந்தால், மரத்தைப் பார்த்ததோடு நிறுத்தக் கூடாது. மண்ணின் பழைய வரலாற்றையும் கேட்க வேண்டும். இது முதல் பாடம்.

இரண்டாவது, மனிதர் கதை. நேயர்களே, இதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள்.

கெர்னியல் சிங் சந்து என்பவர் மலாயாவிலிருந்து வந்த சீக்கியர், புவியியல் அறிஞர். இந்தியர்கள் மலாயாவுக்கு வந்ததையும் இங்கே குடியமர்ந்ததையும் ஆராய்ந்து அவர் எழுதிய நூலை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1969-இல் வெளியிட்டது. அந்த ஆராய்ச்சி 1786 முதல் 1957 வரையுள்ள காலத்தைப் பற்றியது. பிற்காலத்தில் அவர் சிங்கப்பூரிலுள்ள தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தின் இயக்குநராக 1972 முதல் 1992-இல் மறையும் வரை பணியாற்றினார். மலாக்காவைப் பற்றிப் பல அறிஞர்கள் எழுதிய கட்டுரைகளை, பால் வீட்லி என்பவருடன் சேர்ந்து இரண்டு பெரிய தொகுதிகளாக 1983-இல் வெளியிட்டவரும் அவரே.

அவர் செய்தது என்ன? எந்த மாவட்டத்திலிருந்து மக்கள் புறப்பட்டார்கள், எந்தத் துறைமுகத்தில் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், எந்தத் தோட்டத்தில் சேர்ந்தார்கள் என்பதை ஏடுகளிலிருந்து எடுத்து வரைபடமாக்கினார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறி, பினாங்கிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் இறங்கிய கூட்டம், மேற்குக் கரையோரத்தில் சாலையும் இரயில் பாதையும் ஓடிய வழியிலேயே நீளவாக்கில் குடியேறியது. பாதை போட்டவர்களும் நாமே. பாதையோரத் தோட்டங்களில் தங்கியவர்களும் நாமே. முறிச்சீட்டில் கையெழுத்திட்டு ஆண்டுக்கணக்கில் கட்டுண்ட ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. 1938-இல் இந்திய அரசாங்கம், உதவிபெற்றுவரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது.

இத்தனையும் எழுதியபின் சந்து ஒரு கணக்குப் போட்டார். மிக எளிய கழித்தல் கணக்கு. 1786 முதல் 1957 வரை, சிங்கப்பூரும் சேர்ந்த மலாயாவுக்குள் வந்த இந்தியர்கள் 40 இலட்சத்துக்கும் அதிகம். திரும்பிப் போனவர்கள் போக இங்கே எஞ்சியிருக்க வேண்டியவர்கள் சுமார் 12 இலட்சம். ஆனால் 1957-இல் இருந்த இந்தியர்களோ 8 இலட்சத்து 58 ஆயிரம் பேர்தாம். அவர்களிலும் நூற்றுக்கு 62 பேர் இங்கேயே பிறந்தவர்கள். அப்படியானால் வந்து தங்கிய அந்த இலட்சக்கணக்கானவர்கள் எங்கே போனார்கள்? நோய், பாம்புக்கடி, உடல் ஓய்ந்துபோதல், போதிய உணவின்மை ஆகியவையே அவர்களைக் கொண்டு போயின என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

நம் வீடுகளில் பாட்டிமார் சொன்ன கதைகள் நினைவிருக்கிறதா? "எங்கள் கப்பலில் வந்தவர்களில் பாதிப்பேர் காய்ச்சலில் போய்விட்டார்கள்" என்பார்கள். கிழவி கூட்டிச் சொல்கிறாள் என்று நினைத்தோம். ஒரு புவியியல் மாணவர் ஏடுகளை உட்கார்ந்து கூட்டிக் கழித்தபோது, அது கூட்டிச் சொன்னதல்ல என்று தெரிந்தது. வாய்மொழியாக இருந்த துயரம், உலகம் மறுக்க முடியாத எண்ணாகிவிட்டது. படிப்பின் வலிமை இதுதான்.

மூன்றாவது, அந்தக் காய்ச்சலின் கதை. இதைக் கண்டறிந்தவர் புவியியலார் அல்லர். மால்கம் வாட்சன் என்ற மருத்துவர். ஆனால் இன்று சுற்றுச்சூழல் கல்வி என்று சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 1901-ஆம் ஆண்டு கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியா பரவி மக்கள் மடிந்தார்கள். வாட்சன் சதுப்பு நிலத்துத் தண்ணீரை வடியவிட்டு, காட்டை வெட்டச் செய்தார். காய்ச்சல் குறைந்தது. சரி, காட்டை வெட்டினால் மலேரியா போகும் என்று எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டியபோது நேர்மாறாக நடந்தது, காய்ச்சல் பெருகியது.

ஏன்? கொசுவில் பல இனம். சமவெளிக் காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடும் இனம் ஒன்று. வெயில் படுகிற தெளிந்த மலையோடையில் முட்டையிடும் இனம் இன்னொன்று. மலையில் மரத்தை வெட்டியதும் ஓடையில் வெயில் விழுந்தது. இரண்டாவது இனம் செழித்தது. ஆகவே ஒரே வேலை, ஓரிடத்தில் மருந்தாகவும் இன்னோரிடத்தில் நஞ்சாகவும் ஆயிற்று. பிறகு மலை ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் வைத்து ஓடவிட்டும், நீரின்மேல் எண்ணெய் தெளித்தும் அதைக் கட்டுப்படுத்தினார்கள். பழைய தோட்டங்களில் எண்ணெய் தெளிக்கும் ஆள் என்றே ஒருவர் இருந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வேலையின் பின்னால் இருந்த அறிவு இதுதான்: இடத்தை அறியாமல் எந்த வேலையையும் தொடங்காதே.

நான்காவது, புல்லும் மழையும். தொடக்க காலத்துத் துரைமார் தோட்டம் கண்ணாடிபோல் இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் முழுவதும் புல் பிடுங்கினார்கள். தோட்டம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் நம் நாட்டு மழை தூறல் மழை அன்று, கொட்டும் மழை. வெறும் மண்ணில் அது விழுந்தபோது மேல்மண் கரைந்து ஓடியது. சத்துள்ள மண் போயிற்று, போன மண் ஆற்றில் படிந்து ஆறு மேடிட்டது, வெள்ளம் பெருகியது. 1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் பிறரும் சரிவுகளில் படிக்கட்டுபோல் மட்டம் வெட்டவும், மண் தங்கும் குழி தோண்டவும், பயறினக் கொடிகளை மூடுபயிராகப் படரவிடவும் பரிந்துரைத்தார்கள். பிற்காலத்தில் புவியியல் ஆய்வாளர்கள் ஓடைகளில் தண்ணீரை எடுத்து, வடிகட்டி, அதிலுள்ள மண்ணை நிறுத்து, காட்டிலிருந்து வரும் நீரிலும் வெட்டவெளியிலிருந்து வரும் நீரிலும் எவ்வளவு மண் வருகிறது என்று ஒப்பிட்டார்கள்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் செய்து காட்டுவதுண்டு. இரண்டு பழைய பிஸ்கட் டின் மூடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் புல்லோடு பெயர்த்த மண், மற்றொன்றில் வெறும் மண். இரண்டையும் ஒரே சரிவாகச் சாய்த்து வைத்து, பூவாளியால் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். கீழே வழியும் நீரைக் கண்ணாடிக் குவளைகளில் பிடியுங்கள். ஒன்று ஏறக்குறையத் தெளிவாக இருக்கும். மற்றது தேநீர் நிறத்தில் இருக்கும். ஒரு முறை பார்த்த பிள்ளை அதை மறப்பதில்லை. பல்கலைக்கழக ஆராய்ச்சி இதிலிருந்து வேறுபட்டதன்று. அதிகப் பொறுமையோடும் துல்லியத்தோடும் பல மாதங்கள் தொடர்ந்து செய்யப்படுவது, அவ்வளவே.

ஐந்தாவது, ஆற்று நீர். ரப்பர் ஆலையிலிருந்தும் செம்பனை ஆலையிலிருந்தும் வெளியேறும் கழிவுநீர் நேராக ஆற்றில் விடப்பட்ட காலம் ஒன்று இருந்தது. ஆறு கறுத்தது, நாறியது, மீன் செத்து மிதந்தது. 1972-இல் ஸ்டாக்ஹோம் நகரில் உலக நாடுகள் கூடிச் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசின. மலேசியா 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் 1977-இல் செம்பனை ஆலைகளுக்கும், 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் வந்தன.

அந்த விதியின் உட்பொருளைப் புரிந்துகொள்வது நல்லது. கழிவு நீரில் விழுந்ததும், அதிலுள்ள பொருளைக் கிருமிகள் தின்கின்றன. தின்னும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்கின்றன. மீனுக்கு மூச்சு இல்லாமற் போகிறது. ஆகவே ஒரு லிட்டர் கழிவுநீர் எத்தனை மில்லிகிராம் பிராணவாயுவை இழுக்கும் என்று அளந்து, அதற்கு வரம்பு வைத்தார்கள். செம்பனை ஆலைகளுக்கு 1978-இல் 5,000 என்று தொடங்கிய வரம்பை, படிப்படியாகக் குறைத்து 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தார்கள். ஆலைகள் குளங்கள் வெட்டி, கழிவைத் தேக்கிச் சிதைத்து விட வேண்டியதாயிற்று. ஒரேயடியாக மூடு என்று சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் ஆறு போயிருக்கும். இரண்டும் போகாமல் வழி காண்பதற்குத்தான், அளக்கவும் கணக்கிடவும் தெரிந்த, படித்த ஆட்கள் வேண்டியிருந்தது. இவர்களை உருவாக்கத்தான் பல்கலைக்கழகங்களில் சுற்றுச்சூழல் பாடங்கள் பெருகின. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழலுக்கும் மேம்பாட்டுக்குமான கழகம் 1994-இல் அமைந்தது.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது, மலாக்கா மக்கள் 1991-ஐ மறக்க மாட்டார்கள். மழை பொய்த்தது, டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றியது, மாநிலம் முழுவதும் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று நம்பியிருந்தவர்கள், வாளியோடு வரிசையில் நின்றார்கள். மேலேயுள்ள நிலத்தின் நிலையும் கீழேயுள்ள குழாயும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள் என்பதை அந்த ஆண்டு எல்லோருக்கும் கற்பித்தது.

பெற்றோர்களே, இந்த ஐந்து கதைகளிலும் ஒரு செய்தியைக் கவனித்தீர்களா? மண், நம் தோட்டத்து மண். புல் பிடுங்கிய கைகள், நம் பெண்களின் கைகள். காய்ச்சலில் போனவர்கள், நம் முன்னோர். ஆனால் இவற்றை ஆராய்ந்து எழுதியவர்களில் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. பிறர் நம்மைப் பற்றி எழுதியதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அதே வேளையில், நம்மை நாமே எழுதும் காலமும் வர வேண்டும்.

தடைகள் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. முன்பு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பயிற்று மொழி. 1983-க்குள் தேசிய மொழி பயிற்று மொழியாயிற்று. இரண்டு காலத்திலும் தமிழ்ப்பள்ளியிலிருந்து சென்ற பிள்ளை, பாடத்தோடு மொழியையும் சேர்த்துக் கற்க வேண்டியிருந்தது. புகுமுக வகுப்பில் ஓராண்டு போயிற்று. இடையில் குடும்பத்தின் வறுமை கையைப் பிடித்து இழுத்தது. 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையும் வீடும் ஒன்றாகப் போயின, பள்ளியும் போயிற்று. துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்ததற்கு அதுவே காரணம். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தொழிற்பேட்டையும் வீடமைப்பும் வந்தன.

அந்த மாற்றத்தால்தான் இந்தப் படிப்பு அவசரமாகிறது. ஒரு தோட்டம் மூடப்படும்போது என்னென்ன மறைகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பெரட்டுக் களம், கோயில், சுடுகாடு, ஆயாக் கொட்டகை, பழைய கிணறு. நாம் மட்டும் வழங்கிய தோட்டப் பெயர்கள். நிலவரைபடத்தில் ஆங்கிலப் பெயர் இருக்கும். நம் மக்கள் அதை வேறு பெயரால் அழைத்திருப்பார்கள். அந்தப் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பெரியவர்களின் நாவில்தான் இருக்கிறது. மழை எந்தப் பக்கத்திலிருந்து வரும், எந்தச் சரிவில் மண் சரியும், எந்த ஓடை எந்த ஆண்டில் வற்றியது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் போனபின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அதைத் தேடிப் பெற முடியாது.

இந்தப் படிப்புக்குப் போக வழி என்ன? இடைநிலைப் பள்ளியில் புவியியலை ஒரு பாடமாக எடுங்கள், எஸ்.பி.எம். தேர்விலும் ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். தேர்விலும் அது உண்டு. பிறகு பல்கலைக்கழகத்தில் புவியியலிலோ சுற்றுச்சூழல் துறையிலோ இளங்கலைப் பட்டம். அதன்பின் முதுகலை, அதைப் பாட வகுப்புகள் வழியாகவும் செய்யலாம், ஆய்வேடு வழியாகவும் செய்யலாம். அதற்கும் மேல் முனைவர் பட்டம். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். தேசிய மொழியும் ஆங்கிலமும் கைவர வேண்டும். கணக்கில் பயம் கூடாது, ஏனென்றால் இன்றைய புவியியலில் புள்ளிவிவரமும் கணினி வரைபடமும் துணைக்கோள் படமும் கலந்திருக்கின்றன. வேலை என்று பார்த்தால் ஆசிரியப் பணி, நகரத் திட்டமிடல், நில அளவைத் தொடர்பான பணிகள், சுற்றுச்சூழல் துறை, நீர்வளம், ஆலைகளின் கழிவு மேற்பார்வை என்று பல வழிகள் திறந்திருக்கின்றன.

தோட்டத்துப் பிள்ளைக்கு இதில் ஒரு முதலீடு ஏற்கெனவே இருக்கிறது. நகரத்து மாணவர் புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் மண்ணை, நம் பிள்ளை மிதித்து வளர்ந்திருக்கிறது. மழை நாளில் பால் வெட்டு நின்றால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதும் அதற்குத் தெரியும். ஆனால் அந்த அறிவு முறையாகப் பதிவானால்தான் பயன். எனவே இன்றே தொடங்கக்கூடிய சில வேலைகளைச் சொல்கிறேன். பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, தாத்தா பாட்டியிடம் அவர்கள் வேலை செய்த தோட்டங்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் கேட்டு எழுதட்டும். பழைய லயம், கோயில், கிணறு இருந்த இடங்களைக் காட்டி ஒரு வரைபடம் போடட்டும். மழை பெய்த நாளையும், வீட்டருகே ஓடும் ஓடையின் நிறத்தையும் ஒரு வருடத்துக்குக் குறித்து வரட்டும். பழைய சம்பளச் சீட்டு, அடையாளச் சீட்டு, தோட்டத்துப் புகைப்படம் ஏதேனும் வீட்டில் இருந்தால் பெற்றோர் அவற்றைக் குப்பையில் போடாமல் பத்திரப்படுத்தி வையுங்கள். சந்து கழித்தல் கணக்குப் போட்டதும் இப்படிப் பத்திரமாக இருந்த தாள்களைக் கொண்டுதான்.

வந்தவர்களின் எண்ணிக்கையை ஒருவர் எழுதிவிட்டார். அவர்கள் எந்தெந்த இடங்களில் வாழ்ந்தார்கள், அந்த இடங்களின் மண்ணும் நீரும் இன்று எந்நிலையில் இருக்கின்றன என்பதை இனி யாராவது எழுத வேண்டும். அந்த யாரோ ஒருவர், இந்தப் பேச்சை இப்போது தன் தாயோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையாக இருக்கலாம். அந்தப் பிள்ளை, "புவியியல் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், தயவுசெய்து, "சரி, படி" என்று சொல்லுங்கள்.